ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வா-வா மிதிகட்டையும்

உலகிற் கருவிகள் பல. அவற்றை ஆளும் திறம் படைத்தோர் சிலரே. ஒரு கருவி எத்துணை நேர்த்தியாகச் செய்யப்பட்டிருப்பினும், அதனுள் அடங்கிய ஆற்றலை அறிந்து வெளிக்கொணரவல்லான் ஒருவன் வாய்க்கும் வரையில் அது வெறும் பொருளாகவே கிடக்கும். மேல்நாட்டு மின்சாரக் கிதாரின் வரலாற்றில் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குவது ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பாரது வாழ்க்கையாகும். இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த இவரது பெயரைக் கிதார் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். தம் முதல் வா-வா மிதிகட்டையை வாங்க எண்ணுவோர், இவரைப் போன்றே தாமும் வாசிக்கலாம் என்னும் ஆசையினாலேயே பெரும்பாலும் கடைக்குச் செல்கின்றனர். ஆதலின் அவர் வரலாற்றையும், அம்மிதிகட்டையை அவர் ஆண்ட முறையையும், அதனை முதன்முதல் வாங்குவோர் கவனிக்கத்தக்கவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜிமி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கிலுள்ள ஸியாட்டில் நகரத்தில் 1942-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் நாள் கறுப்பர் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவருக்கு முதலில் இட்ட பெயர் ஜானி ஆலன் என்பது. அப்போது தந்தையார் இராணுவ சேவையில் இருந்தமையால், மகன் முகத்தை அவர் கண்டது போர் முடிந்த பின்னரே. 1946-ஆம் ஆண்டில் தந்தையார் அப்பெயரை ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார். பெற்றோரிடையே ஒற்றுமை நிலைக்கவில்லை. 1951-இல் அவர்கள் மணவிலக்குப் பெற்றனர். 1958-இல் தாயார் இறந்தனர். வறுமையும் தாயன்பின் குறையும் அவரது இளமையின் இரு துணைகளாயின.

பள்ளியிற் படிக்குங்கால் அச்சிறுவர் துடைப்பம் ஒன்றைக் கையிலேந்தி, அதனையே கிதாராகப் பாவித்து வாசித்துத் திரிவார். இதனைக் கண்ட பள்ளி நலப் பணியாளர் ஒருவர், வறிய மாணவர்க்கென உள்ள நிதியிலிருந்து அவருக்கு ஒரு கிதார் வாங்கித் தரல் வேண்டுமென எழுதிப் பார்த்தனர். அம்முயற்சி பலிக்கவில்லை. 1957-இல் தந்தையாருடன் ஒரு மூதாட்டியின் வீட்டுக் குப்பைகளை அகற்றச் சென்றபோது, ஒற்றை நரம்பே எஞ்சியிருந்த உக்குலேலே என்னும் சிறு வாத்தியம் ஒன்று கிடைத்தது. அவ்வொற்றை நரம்பிலேயே வானொலியிற் கேட்ட பாடல்களைச் செவியால் அறிந்து வாசிக்கப் பழகினார். மறு ஆண்டில் ஐந்து டாலர் விலையுள்ள கிதார் ஒன்றும், 1959-இல் தந்தையார் வாங்கித் தந்த மின்சாரக் கிதார் ஒன்றும் அவர் கைக்கு வந்தன. இவர் இடக்கை வாக்கு உடையவர். இடக்கையருக்கென வாத்தியம் தேடி அலையாமல், வலக்கையருக்கான கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, நரம்புகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். இருப்பதைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொள்ளும் இக்குணம் அவர் வாழ்க்கை முழுதும் தொடர்ந்தது.

1961-ஆம் ஆண்டில், திருடப்பட்ட மோட்டார் வண்டியிற் சென்ற குற்றத்திற்காகச் சிறையா இராணுவமா என்னும் நிலை வந்தபோது, அவர் இராணுவத்திற் சேர்ந்தார். வானக்குடை வீரர் படையில் ஓராண்டு அளவே அவர் இருந்தார்; படையொழுக்கம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆயினும் அங்கே பில்லி காக்ஸ் என்னும் இசைத்தோழர் கிடைத்தார். 1962-இல் விடுதலை பெற்றபின், கறுப்பர் கூடும் அரங்குகளில் ஊர் ஊராகச் சென்று, ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் முதலிய பாடகர்களுக்குப் பின்னின்று வாசித்தார். அந்நாட்களில் அவர் வேலை, முன்னிற்பவருடைய பாட்டிற்கு நிழல்போல் இசைந்து வாசிப்பதே. கை தாளத்தினின்று வழுவாமையும் செவி பிறர் குரலைத் தொடர்தலும் அவ்வாண்டுகளில் அவர் பெற்ற பயிற்சியாகும்.

1966-இல் நியூயார்க் நகரத்தின் சிறு உணவு விடுதி ஒன்றில் வாசித்து வந்த இவரை, ஆங்கில இசைக்குழு ஒன்றைச் சேர்ந்த சாஸ் சாண்ட்லர் என்பார் கேட்டு வியந்து, அவ்வாண்டு செப்டம்பரில் லண்டனுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே நோயல் ரெடிங், மிட்ச் மிட்சல் என்னும் இருவருடன் ஒரு குழு அமைந்தது. 1967-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இசைத்தட்டுத் தொகுதி வெளியாயிற்று. அடுத்த மாதம் கலிபோர்னியாவின் மாண்டெரே நகரில் நடந்த இசைவிழாவில் தம் கிதாருக்கு மேடையிலேயே தீ மூட்டினார். அச்செயல் எங்கும் பேசப்பட்டது. எனினும் அவர் பெருமையை அத்தீயிற் காண்பது தவறு. அதனை அவர் வாசிப்பிலேயே காணவேண்டும்.

நிற்க, நாம் எடுத்துக்கொண்ட மிதிகட்டையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1966-இல் கலிபோர்னியாவிலிருந்த தாமஸ் ஆர்கன் கம்பெனியார், வாக்ஸ் என்னும் பெயரால் ஒலிபெருக்கிகள் செய்து வந்தனர். அவற்றில் நடுத்தர ஸ்வரங்களை மிகுவிக்க ஒரு சுவிட்ச் இருந்தது. அதற்குச் செலவு மிகுதியானமையால், குறைந்த விலையில் வேறு ஏற்பாடு செய்யும் பொறுப்பு பிராட் பிளங்கெட் என்னும் இளம் பொறியாளரிடம் விடப்பட்டது. அவர் சுவிட்ச்சிற்குப் பதிலாகத் திருகும் குமிழ் ஒன்றை வைத்தார். குமிழைத் திருப்புந்தோறும் கிதாரின் ஒலி வாய் திறந்து மூடுவது போல் மாறக் கண்டனர். ஆர்கன் வாத்தியத்தின் கால் மிதி ஒன்றினுள் அதனை அமைக்கவே, வா-வா மிதிகட்டை பிறந்தது. எக்காளத்தின் வாயைக் கிண்ணம் போன்ற மூடியால் திறந்தும் மூடியும் இதே ஒலியை எழுப்பும் வழக்கம் முன்னரே இருந்தது. ஆதலின் கம்பெனித் தலைவர் இது காற்று வாத்தியக்காரர்களுக்கே பயன்படும் எனக் கருதி, கிளைட் மெக்காய் என்னும் எக்காள வித்வானின் பெயரைப் பொறித்து 1967-இல் விற்பனை செய்தார். குழலூதுவோர்க்கென வந்த பொருள் கிதார்க்காரருக்கு உரியதாயிற்று.

இதன் இயக்கத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. இதனை வாசிப்போர் ஊ என்று நீட்டி ஒலித்துக்கொண்டே மெல்ல வாயை அகலத் திறந்து ஆ என்பதில் முடித்துப் பார்க்க. தொண்டையின் சுருதி மாறாதிருக்கவே, ஒலியின் தன்மை மட்டும் மாறும். வாய்க்குழியின் வடிவம் ஒலியின் ஒரு பகுதியை மிகுவித்து ஏனையவற்றை அடக்குவதே இதற்குக் காரணம். மிதிகட்டையும் இதனையே மின்சாரத்தாற் செய்கிறது. அதனுள் ஒரு கம்பிச்சுருளும் மாறுதடை ஒன்றும் உள. கட்டையை அசைத்தால் பற்சட்டம் ஒன்று பற்சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரம் மாறுதடையைத் திருப்பும். குதிகால் அழுந்தும்போது வினாடிக்கு ஏறக்குறைய நானூறு அதிர்வுகளின் பக்கத்திலுள்ள பகுதி மிகும். விரற்பக்கம் அழுந்துங்கால் இரண்டாயிரம் அளவுள்ள பகுதி மிகும். இவ்வளவு பெட்டிக்குப் பெட்டி சிறிது வேறுபடும். நம் தமிழ்ச் செவிக்கு இவ்வொலி வா வா என அழைப்பதாகவே கேட்பது இன்பமான பொருத்தமாகும்.

1967-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்த பாடலொன்றில் ஹெண்ட்ரிக்ஸ் இம்மிதிகட்டையைப் பயன்படுத்தினார். அவருக்கு முன்னரே எரிக் கிளாப்டன் போன்றோர் இதனைக் கையாண்டனர். ஆகவே இதனை முதலிற் கண்டவர் இவரல்லர். ஆனால் இதனுள் ஒரு குரல் இருப்பதை முற்றும் கேட்டவர் இவரே எனலாம். 1968-இல் வெளியான எலெக்ட்ரிக் லேடிலாண்ட் என்னும் தொகுதியின் ஒரு பாடலில் கிதார் மனிதனைப் போலவே பேசுகிறது. கேள்வி கேட்பதும் முணுமுணுப்பதும் சிரிப்பதும் போன்ற ஒலிகள் அதில் எழுகின்றன. அத்தொகுதியின் இறுதிப் பாடலான வூடூ சைல்ட், 1968 மே 3-ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. அதன் தொடக்கத்தில் அவர் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை. இடறின்றி ஒலிக்காதவாறு நரம்புகளை ஒரு கையால் அடக்கி, மறு கையால் உரசி, காலை மட்டும் அசைக்கின்றார். மிருதங்கத்தின் சொற்கட்டுப் போன்ற தாளம் அவ்வுரசலிலிருந்தே பிறக்கிறது. காலின் அசைவு கையின் தாளத்திற்குக் கட்டுப்பட்டும், சில இடங்களில் அதனை எதிர்த்தும் செல்வதை ஊன்றிக் கேட்போர் உணர்வர். ஊர் ஊராகப் பிறர்க்குத் தாளம் வாசித்த ஆண்டுகளின் பயனே அது. மிதிகட்டை அதனைக் கொடுக்கவில்லை.

இனி, முதன்முதல் ஒன்றை வாங்குவோர்க்குச் சில கூறுவோம். விலை மிக்கதே சிறந்தது என்பதில்லை. ஹெண்ட்ரிக்ஸ் கையாண்டது கடைகளில் யாவர்க்கும் விற்கப்பட்ட வாக்ஸ் பெட்டியே. பல குமிழ்களையும் வகை மாற்றும் விசைகளையும் உடைய பெட்டி, தொடக்கத்தில் மாணவனை மயக்குமேயன்றிப் பழக்காது. மிதியொன்றும் விசையொன்றும் உள்ள எளிய பெட்டியே போதும். கடையில் சோதிக்கும்போது தம் சொந்தக் கிதாரைக் கொண்டுபோதல் நலம். கட்டை இடையிற் சிக்காமல் ஒரே சீராக அசைகிறதா, அசைக்குங்கால் கரகரவென்னும் ஓசை எழுகிறதா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். அவ்வோசை எழின் மாறுதடை தேய்ந்துள்ளதென அறியலாம். பின்னர் விசையை நிறுத்திக் கிதாரின் இயல்பான ஒலியைக் கேட்க வேண்டும். பழைய அமைப்புள்ள பெட்டிகளில் விசை நின்ற பின்னும் உள்ளிருக்கும் சுற்று கிதாருடன் இணைந்தே இருப்பதால், ஒலியின் தெளிவு சிறிது மங்கும். பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் இக்குறை நீக்கப்பட்டுள்ளது.

இணைக்கும் முறையில் ஹெண்ட்ரிக்ஸின் வழக்கம் பின்பற்றத்தக்கது. கிதாரிலிருந்து முதலில் மிதிகட்டை, அதன்பின் ஃபஸ் என்னும் கரகரப்பூட்டும் பெட்டி, இறுதியில் ஒலிபெருக்கி என்பது அவர் வரிசை. இவ்வரிசையில் குரல் முதலிலும் கரகரப்புப் பின்னரும் அமைவதால் ஒலி மனிதக் குரலை ஒத்திருக்கும். மாற்றி இணைப்பின் அசைவு மிகப் பெரிதாகத் தோன்றும், மென்மை குறையும். ஆயின் பழைய வகை ஃபஸ் பெட்டிகள் சிலவற்றின் முன் வைத்தால் மிதிகட்டையின் வீச்சு சுருங்குவதும் ஊளை ஒலி எழுவதும் உண்டு. அப்போது இடையே இணக்கமூட்டும் சிறு பெட்டியொன்று தேவைப்படும். தொடங்குவோர் ஃபஸ் இன்றி, ஒலிபெருக்கியைத் தெளிவான நிலையில் வைத்துப் பழகுவதே ஏற்றது.

கட்டையின் இறுக்கத்தை அதன் திருகாணியால் சரிசெய்யலாம். காலை எடுத்தபின் விட்ட இடத்திலேயே அது நிற்றல் வேண்டும். வீச்சு மிகத் தாழ்ந்தோ உயர்ந்தோ இருப்பின், பற்சக்கரத்தை ஓரிரு பற்கள் தள்ளிப் பொருத்தித் திருத்தலாம். விரல்நுனியின் கீழுள்ள விசை, வாசிக்கும்போது தானே அழுந்தாமலும், வேண்டுங்கால் எளிதில் அழுந்துமாறும் உயரம் அமைக்கப்பட வேண்டும். ஒன்பது வோல்ட் மின்கலம் உள்ள பெட்டியாயின், வாசித்து முடித்தவுடன் கிதாரின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இன்றேல் மின்கலம் வீணாகும். பயிற்சியில் முதலாவது, ஒரு தாளச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் மெல்லத் திறந்து மூடுதல். இரண்டாவது, கட்டையை இடையே ஓரிடத்தில் நிறுத்தி, அங்குப் பிறக்கும் ஒலியைக் கேட்டறிதல். இவ்விரண்டும் கைவந்த பின்னரே விரைவை நாடலாம்.

மீண்டும் அவர் வரலாற்றிற்கு வருவோம். 1969 ஆகஸ்டு 18-ஆம் நாள் காலை, வுட்ஸ்டாக் இசைவிழாவில், கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்துபோன பின் அவர் மேடையேறினார். தம் நாட்டின் தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்து, வியட்நாம் போரின் வெடியோசையும் அழுகையும் அதனுள்ளே கேட்குமாறு செய்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் தமக்கெனத் தாமே அமைத்த ஒலிப்பதிவுக் கூடம் ஆகஸ்டு 26-ஆம் நாள் திறக்கப்பட்டது. துடைப்பத்தை வாத்தியமாகக் கொண்ட சிறுவர், தம் விருப்பம்போல் வாசிக்கத் தமக்கென ஓரிடம் பெற்றார். ஆனால் அதில் நெடுநாள் பணிபுரிய அவருக்கு வாய்க்கவில்லை. 1970 செப்டம்பர் 18-ஆம் நாள் லண்டனில், தூக்க மருந்தை மிகுதியாக உட்கொண்டு நினைவிழந்த நிலையில் மூச்சடைப்புற்று உயிர் நீத்தார். நான்கு நாட்களுக்குப் பின் வா-வா மிதிகட்டைக்கான காப்புரிமை அமெரிக்காவில் வழங்கப்பட்டது. நவம்பரில் வூடூ சைல்ட் பாடல் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. அதனை அவர் காணவில்லை.

போதைப் பொருள்களின் பழக்கம் எத்தகைய ஆற்றலையும் விரைந்து அழிக்கவல்லது என்பதற்கு அவர் முடிவு சான்றாகும். அதனைப் பின்பற்றுவோர் அவர் இசையைப் பெறார். அவரிடம் நாம் பெறத்தக்கது வேறு. ஒற்றை நரம்பிலும் பாட்டைத் தேடிய செவியே அவருடைய முதற் செல்வம். மிதிகட்டை பிற்காலத்திற் சேர்ந்த துணை. கடைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் இவ்வரிசையை மனத்திற் கொண்டு, முதலில் தாம் கிதாரிற் சொல்ல விரும்புவது யாது எனத் தெளிந்து, பின்னர் ஓர் எளிய பெட்டியை வாங்கி, நாள்தோறும் சிறிது நேரம் அதனோடு பழகுவாராக.