பிஞ்சு உயிர்களுக்கு மருந்து தேடிய சுப்பாராவ்

புளியந்தோப்பில் ஒரு குழந்தை. ஓடி ஆடுகிற வயது. ஆனால் சோர்ந்து சோர்ந்து படுக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகிறது. அடி படாமலே உடம்பில் ரத்தம் கன்றிய நீலத் திட்டுகள்.

திருஷ்டி கழித்தால் இது தீராது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால் ரத்தத்தைச் சோதிப்பார்கள். சந்தேகம் வந்தால் இடுப்பு எலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தப் புற்றுநோயா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் தெரிந்தும் பயன் இல்லை. சில வாரம், சில மாதம். அவ்வளவுதான். அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திராவில் பீமாவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். சென்னைக்கு வந்து, மூன்றாம் முறை தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா போனார். பட்டம் பெற்ற டாக்டர், பாஸ்டன் ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மூத்திரச் சட்டியைக் கழுவினார்! பிறகு ஹார்வர்டில் ஆராய்ச்சி. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

போலிச் சத்து

கீரையில் போலிக் அமிலம் என்ற சத்து உண்டு. ரத்தம் ஊற அது வேண்டும். அதை அவர் குழு ஆய்வுக்கூடத்திலேயே செய்தது. பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், அந்த வகைச் சத்தை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை. வேகம் பிடித்தது!

அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு, சத்தைப் போலவே தோன்றும் போலி மருந்தைச் செய்து அனுப்பியது. அமினோப்டெரின் என்று பெயர். நோய் அணுக்கள் அதைச் சத்து என்று எடுத்து ஏமாந்தன. பெருக முடியவில்லை.

1948 ஜூனில் முடிவு வெளியாயிற்று. 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. நிரந்தரக் குணம் அல்ல. நோய் திரும்பி வந்தது. ஆனால் இந்த நோயும் மருந்துக்குப் பணியும் என்று உலகம் கண்டது.

அதே குழு செய்த இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்றும் வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காலத்தில் கண்டுபிடித்து, சிகிச்சையை நடுவில் விடாமல் முடித்தால், பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். யானைக்கால் நோய்க்கு நம் மக்கள் விழுங்கிய மாத்திரையும் சுப்பாராவ் குழுவின் வேலைதான்.

பார்பரின் முடிவு வெளியான இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். வயது 53. கப்பல் ஏறியவர், மனைவியைப் பார்க்கக்கூட ஊர் திரும்பவில்லை.