பறவைகளைத் தேடிய பெருமகனார்

பொன்னையும் பொருளையும் தேடி அலைந்தவர் பலர். ஆனால், பல்லாண்டுகளாக எவர் கண்ணிலும் படாத சிறு பறவைகளைத் தேடிக் காடும் மலையும் அலைந்தவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலி.

அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தியாப்ஜியே அவரை வளர்த்தார். சிறுவன் சாலிம் ஒரு நாள் தன் துப்பாக்கியால் ஒரு சிட்டுக் குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. ஆகவே, அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். சிறுவனின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பிவிட்டது.

வளர்ந்தபின் 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. 1928 இல் ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930 இல் திரும்பி வந்தபோதோ, பணமில்லை என்று அந்த வேலையையே நீக்கியிருந்தார்கள்! வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். அவரோ மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே முழுதும் கட்டி முடிக்கும் என்பதை அவர் கண்டறிந்தார். 1939 இல் தெஹ்மினா காலமானார். அப்பெருந்துயரிலும் அவர் பணியைக் கைவிடவில்லை.

இமயமலை அடிவாரத்தில் குமாவூன் பகுதியில் ஃபின் தூக்கணாங்குருவி என்ற அரிய பறவை உண்டு. 1866 இல் ஹ்யூம் என்பவர் அதனை அங்கே முதலில் கண்டார். பின்னர் அது அப்பகுதியில் உண்டா இல்லையா என்றே தெரியாத நிலை ஏற்பட்டது. சாலிம் அலி அதனைத் தேடிச் சென்றார். பல ஆண்டுகளுக்குப் பின், அது அங்கே வாழ்வதை உலகுக்கு உறுதிப்படுத்தினார்.

ஆனால் எல்லாத் தேடலும் கைகூடவில்லை. 1876 இல் நைனிடால் அருகே கடைசியாகக் கிடைத்த இமயமலைக் காடையையும் அவர் தேடினார். அது அவர் கண்ணில் படவே இல்லை. இன்றுவரை அதன் நிலை புதிராகவே இருக்கிறது.

தெலுங்கில் கலிவிக் கோடி எனப்படும் ஜெர்டான் பறவையின் கதை வேறு. 1900 க்குப் பின் எவரும் காணாததால் அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணினர். அது முட்புதர்க் காட்டில் இரவில் மட்டுமே நடமாடும். பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில், சங்கத்தின் ஆய்வாளர் பாரத் பூஷணின் தேடலுக்கு உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர் உதவ, அது உயிருடன் அகப்பட்டது. அப்போது சாலிம் அலிக்கு 89 வயது. அப்பறவை வாழ்ந்த காடு பின்னர் சரணாலயமாயிற்று.

தோழியரே, ஒரு சிறு பறவைக்காக இத்தனை பாடா என்று நாம் எண்ணலாம். ஒரு பறவை இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதன் காட்டைக் காக்க முடியும்? இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்டுவிட்டால், இருப்பதும் நம் கண்முன்னே அழிந்துபோகும். ஆகவே, தேடிக் காணாத காடைக்காக அவர் பட்ட பாடும் வீணன்று.

1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அப்பெருமகனார் 1987 இல் மறைந்தார். 1990 இல் கோயமுத்தூரில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. முயற்சியும் பொறுமையும் அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடங்கள். மரக்கிளையில் ஒரு குருவியைக் காணும்போது, சற்றே நின்று அதன் பெயர் என்ன என்று கேட்போமாக!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி