கதை சொன்ன குரல்

மேற்கத்தியச் செவ்விசைக் கலைஞர் என்றதும் மூன்று வயதில் பியானோ, பத்து வயதில் மேடை, பிறகு புகழ்பெற்ற இசைக் கல்லூரி என்று ஒரு வரிசை நம் மனத்தில் ஓடும். கார்ல் எர்ப் அந்த வரிசையில் நிற்காதவர். அதனாலேயே அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பம்.

தென் ஜெர்மனியில் உள்ள ராவன்ஸ்புர்க் என்ற சிறு நகரில் 1877 ஜூலை 13ஆம் நாள் பிறந்தார். நகராட்சியின் எரிவாயு, குடிநீர்ப் பிரிவில் அலுவலர் வேலை. மாதச் சம்பளம், நிலையான வாழ்க்கை. முறையாகக் குரல் பயிற்சி பெற்றதில்லை; பாட்டைத் தானே கற்றுக்கொண்டார். முப்பதை நெருங்கும் வயதில் ஸ்டுட்கார்ட் அரசவை அரங்கின் இயக்குநர் காதில் அந்தக் குரல் விழுந்தது. எர்ப் வேலையை விட்டார். அந்த வயதில் அரசு வேலையை விட்டுப் பாடப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு கிளம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

1907இல் ஸ்டுட்கார்டில் முதல் மேடை. நாடகத்தின் பெயர் 'எவாஞ்சலிமான்'. வீடு வீடாகச் சென்று நற்செய்தி வசனங்களைச் சொல்லிப் பிழைக்கும் ஒருவனின் கதை. பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் நற்செய்தி சொல்லும் வேலைதான் என்பதால் இந்தத் தொடக்கம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1913 முதல் 12 ஆண்டுகள் மியூனிக் ஆப்பரா அரங்கில் பாடினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 ஜூனில், புருனோ வால்டர் நடத்த, ஃபிட்ஸ்னர் எழுதிய 'பாலஸ்ட்ரினா' அங்கே அரங்கேறியது. தேவாலய இசையைக் காப்பாற்ற ஓர் இரவில் திருப்பலி இசையைப் படைக்கும் முதிய இசையமைப்பாளரின் கதை அது. அந்தத் தலைமைப் பாத்திரம் எர்புக்கு. மகனாகப் பாடியவர் மரியா இவோகுன் என்ற பாடகி. 1921இல் இருவரும் மணந்துகொண்டார்கள், பின்னர் பிரிந்தார்கள்.

ஆனால் ஆப்பராவை விட அவருக்குப் பொருந்திய இடம் வேறு. பாக் எழுதிய 'மத்தேயு திருப்பாடுகள்' இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் சேர்ந்து மூன்று மணி நேரம் நிகழ்த்தும் படைப்பு. அதில் நற்செய்தியாளர் என்றொரு டெனர் பாத்திரம் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 26, 27ஆம் அதிகாரங்களை, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட நடையில் அவர் சொல்லிக்கொண்டே போவார். துணைக்கு அடிநாதமாகச் சில வாத்தியங்கள் மட்டும். கைதட்டல் வாங்கும் அழகிய பாடல்களெல்லாம் மற்றவர்களுக்கு! கதாகாலட்சேபம் கேட்டிருப்பவர்களுக்கு இந்த வேலையின் சிரமம் புரியும். குரலைக் காட்டினால் கதை கெடும். கதையை ஒப்புவித்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

எர்பின் குரல் கனமானதல்ல. மெல்லியது, உயரத்தில் சற்றே விசித்திரமாக ஒலிப்பது. 1930 வாக்கில் ஆப்பராவை முழுவதுமாக விட்டுவிட்டு, இந்தப் பாத்திரத்திலும் ஷூபர்ட் பாடல்களிலும் கவனம் செலுத்தினார்.

1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு. ஆம்ஸ்டர்டாமில் மெங்கல்பர்க் நடத்திய நிகழ்ச்சி அப்படியே பதிவு செய்யப்பட்டது. எர்புக்கு அப்போது 61 வயது. இன்றைய குழுக்கள் இவ்வளவு மெதுவாக இசைப்பதில்லை. பல பகுதிகள் வெட்டப்பட்டும் இருக்கின்றன. இருந்தும் நான் அடிக்கடி திரும்பிப் போவது இந்தப் பதிவுக்குத்தான். பேதுரு மூன்றாம் முறை மறுதலித்து, சேவல் கூவி, வெளியே போய் மனங்கசந்து அழும் இடம் வருகிறது. பாக் அந்த அழுகைச் சொல்லை உயரத்துக்கு ஏற்றி வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார். எர்ப் அங்கே சத்தத்தைக் கூட்டவில்லை. குறைத்துக்கொண்டே போகிறார். எனக்கு ஜெர்மன் தெரியாது. அந்த இடத்தில் தெரிய வேண்டியிருக்கவும் இல்லை.

டச்சு மக்கள் நிறைந்த அரங்கில் ஒரு ஜெர்மானியர் பாடிய அந்த நாளுக்கு 13 மாதங்கள் கழித்து, ஜெர்மன் படை அந்த நாட்டுக்குள் நுழைந்தது.

1941இல், 63 வயதில், லைப்சிக்கில் பாக் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய அதே தோமஸ் பாடகர் குழுவுடன் மீண்டும் இப்படைப்பைப் பதிவு செய்தார். 1947இல் தாமஸ் மன் எழுதிய 'டாக்டர் ஃபவுஸ்டஸ்' நாவலில் எர்பே என்ற டெனர் கதைசொல்லியாகப் பாடுகிறார். யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதில் மர்மம் இல்லை. அந்தக் குரலை மன் வர்ணித்திருக்கும் விதம் முழுப் பாராட்டாகவும் இல்லை.

எர்ப் 1958இல், தம் 81ஆவது பிறந்த நாளன்று, அதே ராவன்ஸ்புர்க்கில் காலமானார்.