ஆங்கிலம் கற்றால் ஈமான் போய்விடுமா? அறிஞர் சித்திலெவ்வை (ரஹ்) வாழ்வும் பணியும்

 

செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்னைக்கும் பணிக்குச் செல்லும் நம் இளைஞர்களிடம், ஆங்கிலம் கற்பது மார்க்க விரோதமென்று ஒரு காலத்தில் கருதப்பட்டது என்றால் வியப்படைவார்கள். அக்கருத்தோடு போராடியவர்களுள் முதன்மையானவர் இலங்கையின் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை (ரஹ்) அவர்கள்.

1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார்கள். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தேர்ச்சி பெற்று, தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார்கள். வருமானமும் மதிப்பும் உள்ள தொழில். அதோடு நின்றிருக்கலாம்; நிற்கவில்லை.

அந்நாளில் ஆங்கிலப் பள்ளிகளுள் பல பாதிரிமார்களின் கையில் இருந்தன. அங்கே பைபிள் பாடமும் உண்டு. பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் பழிக்க மாட்டோம். அதற்குக் காரணம் இருந்தது. பிழை அடுத்த படியில் நேர்ந்தது. பள்ளியால் வரும் ஆபத்தை மொழியின் மீது ஏற்றினார்கள். ஆங்கிலம் கிறிஸ்தவர்களின் மொழி, ஆகவே அதைக் கற்பவன் ஈமானை இழப்பான் என்று முடிவு கட்டினார்கள். இந்த நியாயம் சரியென்றால், இஸ்லாத்துக்கு முன் சிலை வணங்கிய குறைஷிகளின் நாவில் இருந்த அரபியை என்னென்பது? யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள் அல்லவா? ஆனாலும் பெரியோர் சிலரின் அச்சம் நாளடைவில் மார்க்கத் தீர்ப்புப் போலவே பேசப்பட்டது. விளைவாக, மற்றச் சமூகத்தார் கல்வியிலும் பதவிகளிலும் முன்னேற, முஸ்லிம் பிள்ளைகள் பின்தங்கினர்.

ஆங்கிலத்தை விலக்குவதல்ல, நமக்கென்று பள்ளி அமைப்பதே தீர்வு என்று சித்திலெவ்வை கண்டார்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி வாரந்தோறும் இதையே எழுதினார்கள். எதிர்ப்பு கடுமையாகவே வந்தது. பிறரல்ல, நம்மவரே எதிர்த்தனர் என்பதுதான் வருத்தம்.

1883இல் பிரிட்டிஷார் நாடு கடத்திய எகிப்தியத் தலைவர் அராபி பாஷா இலங்கை வந்து சேர்ந்தார். மார்க்கப் பற்றில் ஐயுற முடியாத அவர் நவீனக் கல்வியை ஆதரித்தது, தயங்கி நின்றவர்களை அசைத்தது. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் துணை நின்றார். இம்மூவரின் முயற்சியால் 1892இல் கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி உருவாயிற்று. குர்ஆனும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ்! கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். இடையே 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் நாவலையும் எழுதி வெளியிட்டார்கள். இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அதைச் சொல்வர்.

1898 பிப்ரவரியில், அறுபது வயது நிறையும் முன்பே வஃபாத்தானார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1901இல், நம் வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது; 1919இல் அதன் இஸ்லாமியாக் கல்லூரியும் வந்தது. ஸாஹிரா, மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி இன்றும் நடந்து வருகிறது.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.