ஈ சுமந்து வந்த எமன்

காவிரி கடலோடு கலக்கும் ஊர் பூம்புகார். அந்தப் பக்கத்து ஊர்களில், அந்தி சாய்ந்ததும் மாட்டுக் கொட்டிலில் புகை மூட்டம் போடுவது பழைய வழக்கம். வேப்பிலை புகையும். மாடு நிம்மதியாக அசை போடும்.

புகை இல்லாவிட்டால் மாட்டுக்குத் தூக்கம் இல்லை. வாலைச் சுழற்றும். காதை ஆட்டும். காலை உதைக்கும். எல்லாம் ஈயை விரட்டத்தான்.

ஈ கடித்தால் மாட்டின் ரத்தம் போகும். பால் குறையும். அதோடு தீர்ந்ததா? இல்லை. சில ஈக்கள் கொடிய நோய் ஒன்றையும் சுமந்து வரும். அதன் பெயர் சர்ரா.

மாடும் எருமையும் இந்த நோயை ஓரளவு தாங்கிக்கொள்ளும். குதிரையும் ஒட்டகமும் தாங்கமாட்டா. பழைய பூம்புகாரில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அத்தனை அருமையான பிராணியை எலும்பும் தோலுமாக்கிக் கொல்வது இந்தச் சர்ரா.

இது எதனால் வருகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வைத்தவர் ஒரு கால்நடை வைத்தியர். அவர் பெயர் கிரிபித் இவான்ஸ்.

இரண்டு வைத்தியம் படித்தவர்

இவான்ஸ் 1835-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, வேல்ஸ் நாட்டில் டவின் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். லண்டனில் கால்நடை வைத்தியம் படித்து 1855-ல் தேறினார். 1860-ல் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் சேர்ந்தார். பீரங்கி வண்டிகளை இழுக்கும் குதிரைகளைக் கவனிப்பது அவர் வேலை.

மறு ஆண்டு அவருடைய படை கனடா நாட்டுக்குச் சென்றது. அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொண்டே, மாண்ட்ரியல் நகரில் மனித வைத்தியமும் படித்தார். 1864-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது பக்கத்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சென்ற இவான்ஸ், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனையும் சந்தித்தார்.

அவருக்கு ஒரு பொருள்மேல் தீராத ஆசை. அது பூதக்கண்ணாடி போல் பல மடங்கு சக்தி வாய்ந்த கருவி; மைக்ராஸ்கோப். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நோயை உண்டாக்கும் என்று சொன்னால் படித்தவர்களே சிரித்த காலம் அது. இவான்ஸ் சிரிக்கவில்லை. கருவியை எடுத்துக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

ரத்தத்தில் நெளிந்த உயிர்

1877-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1880-ல் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வடமேற்கே, சிந்து நதிக்கரையில் தேரா இஸ்மாயில் கான் என்ற ஊர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே குதிரைகளும் ஒட்டகங்களும் சர்ரா கண்டு செத்துக்கொண்டிருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவான்ஸ் போய்ப் பார்த்தார். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். குதிரை நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைக்கும். கால் வீங்கும். கடைசியில் விழுந்துவிடும்.

நோயுற்ற குதிரையின் ரத்தத்தில் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஆச்சரியம்! சிவப்பு அணுக்களுக்கு நடுவே, சின்னஞ்சிறு விலாங்கு மீன் போன்ற உயிர்கள் துள்ளி நெளிந்தன. அந்த ரத்தத்தை நலமான பிராணிகளுக்குச் செலுத்தினார். அவற்றையும் அதே நோய் பற்றிக்கொண்டது. குற்றவாளி அகப்பட்டான்.

அவன் உடலுக்குள் நுழைந்த வழி எது? பெரிய ஈக்கள் கடிப்பதால்தான் நோய் வருகிறது என்று அந்த வட்டாரத்து மக்கள் சொல்லி வந்தார்கள். படிக்காதவர் பேச்சு என்று இவான்ஸ் அதைத் தள்ளிவிடவில்லை. ஈக்களின் மீது அவருக்கும் சந்தேகம் விழுந்தது.

நம்பாத அறிஞர்கள்

ஆனால் பெரியவர்கள் நம்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1878-ல், கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற டாக்டர் எலிகளின் ரத்தத்தில் இதே போன்ற உயிர்களைக் கண்டிருந்தார். அந்த எலிகள் நலமாகவே ஓடித் திரிந்தன. எலிக்குக் கெடுதல் செய்யாதது குதிரையை எப்படிக் கொல்லும் என்று கேட்டு, இவான்சின் முடிவை ஒதுக்கினார்கள்.

இவான்ஸ் தம் முடிவிலிருந்து மாறவில்லை. எலியின் ரத்தத்தில் இருந்தது வேறு இனம். குதிரையைக் கொன்றது வேறு இனம். இது பின்னால் தெளிவாயிற்று.

காலம் அவர் பக்கம் திரும்பியது. 1895-ல் டேவிட் புரூஸ், ஆப்பிரிக்காவில் மாடுகளைக் கொல்லும் நோய்க்கு இதே வகைக் கிருமியும், அதைச் சுமக்கும் செட்சி ஈயும் காரணம் என்று காட்டினார். 1901-ல் லியனார்டு ரோஜர்ஸ் இந்தியாவில் சோதனை செய்தார். நோயுற்ற பிராணியைக் கடித்த ஈயை, உடனே நலமான பிராணிமேல் கடிக்கவிட்டார். நோய் ஒட்டிக்கொண்டது. இவான்சின் சந்தேகம் மெய்யாயிற்று.

ஈ மாட்டை எப்படித் தேடி வருகிறது?

இவான்ஸ் காலத்தில் தெரியாத ஒன்று இன்று தெரியும். மாடு மூச்சு விடுகிறது. அதில் உள்ள கரியமில வாயுவும், உடல் நாற்றமும், மூத்திர வாடையும் காற்றில் மிதந்து போகின்றன. அந்த வாடை பட்டதும் ஈ காற்றை எதிர்த்துப் பறக்கிறது. மாட்டின் வாடையில் ஈயை இழுக்கும் ஆக்டெனால் என்ற பொருள் இருப்பதை 1984-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

கிட்டே வந்ததும் ஈக்குக் கண் உதவுகிறது. கருநிறமான, பெரிய, அசையும் உருவம் என்றால் ஓடி வரும். ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு தீட்டிப் பார்த்தார்கள். மேலே உட்காரும் ஈ பாதியாகக் குறைந்தது என்று 2019-ல் அறிவித்தார்கள்.

மாட்டு ஈயில் பெண் ஈ மட்டுமே கடிக்கும். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். அதன் புழு வளர்வது ஈரச் சேற்றில். சேறும் நீரும் நிறைந்த காவிரிப் படுகை அதற்கு ஏற்ற இடம்.

கடி வலிக்கும். மாடு வாலால் அடிக்கும். ஈ பாதி வயிற்றோடு பறந்து அடுத்த மாட்டைக் கடிக்கும். வாயில் ஒட்டிய ரத்தத்தோடு கிருமியும் போய்ச் சேரும். தன்னைக் காத்துக்கொள்ள மாடு வீசும் வாலே அடுத்த மாட்டுக்கு நோயை அனுப்பிவிடுகிறது!

நூறு வயது

1890-ல் இவான்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்றார். வேல்சில் பாங்கர் நகரக் கல்லூரியில் 20 ஆண்டுகள் கால்நடைச் சுகாதாரம் கற்பித்தார். 1917-ல் அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 82. கண்டுபிடித்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நூறாவது பிறந்த நாளையும் கண்டுவிட்டு, 1935 டிசம்பர் 7-ந் தேதி அவர் காலமானார்.

இன்றும் மாட்டுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, பாலும் குறைந்து, உடலும் இளைத்தால், கால்நடை டாக்டர் ஒரு துளி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சர்ரா என்று தெரிந்தால் மருந்து உண்டு. அங்கே நெளியும் கிருமியின் பெயர் டிரிப்பனசோமா இவான்சி. அறிஞர்கள் அன்று நம்ப மறுத்த கிருமிக்கு, இன்று இவான்சின் பெயரே நிலைத்துவிட்டது.