பணமுடிப்பும் முதலிடமும்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை மத்ஹபின் தலைவராக நீங்கள் நன்கறிவீர்கள், ஆசிரியராக அறிந்திருக்கிறீர்களா? ஹிஜ்ரி 80இல் கூஃபாவில் பிறந்த அவர்கள் துணி வணிகர். தம் உஸ்தாத் ஹம்மாத் (ரஹ்) ஹிஜ்ரி 120இல் மறைந்தபின் அவர்தம் பாடசபையை ஏற்று நடத்தினார்கள்.

அங்கு ஓத வந்த ஏழை மாணவர் அபூயூசுப். பிழைப்பைக் கவனிக்கச் சொல்லித் தந்தை தடுக்க, அவர் வருகை குறைந்தது. இமாமவர்கள் விசாரித்தறிந்து, மற்றவர்கள் கலைந்துபோன பின்னரே நூறு திர்ஹம் கொண்ட பணமுடிப்பை அவரிடம் கொடுத்தார்கள். தீர்ந்ததும் சொல்லும்படி கூறியிருந்தும், அவர் வாய்திறக்கும் முன்பே அடுத்த முடிப்பு வந்துவிடுமாம். ஊரறியக் கொடுக்காத அந்தப் பண்பைக் கவனியுங்கள்!

ஆனால் பாடத்தில் இந்தப் பரிவு குறுக்கிடவில்லை. அபூயூசுப் அவசரப்பட்டுத் தனிச்சபை தொடங்கியபோது, ஆளனுப்பி ஒரு கேள்வி கேட்கச் செய்தார்கள். வாங்கிய துணியை வாங்கவேயில்லை என்று மறுத்த சலவைக்காரர், பின்னர் அதை வெளுத்துத் திருப்பித் தந்தால் கூலி உண்டா? உண்டு என்றார், தவறென்று பதில் வந்தது. இல்லை என்றார், அதுவும் தவறாயிற்று. மறுக்குமுன் வெளுத்திருந்தால் உரியவருக்காக உழைத்தார், கூலியுண்டு. மறுத்தபின் வெளுத்திருந்தால் தமக்காகவே செய்துகொண்டார், கூலியில்லை. குறையுணர்ந்த மாணவர் ஆசிரியரிடமே திரும்பினார்.

மற்றொரு நாள் அவரும் ஸுஃபரும் லுஹர் பாங்குவரை வாதிட்டனர். ஸுஃபர் செல்வாக்குள்ள அரபுக் குலத்தவர். இமாமவர்களின் பேரன்புக்கும் உரியவர். எனினும், அபூயூசுப் உள்ள ஊரில் தலைமையை நாட வேண்டாமென அவர் தொடையில் தட்டிச் சொல்லி, அபூயூசுபுக்கே தீர்ப்பளித்தார்கள்.

ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) இமாமவர்கள் பக்தாதில் மறைந்தார்கள். அந்த ஏழை மாணவர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்தார்.