துருத்திப் பெட்டி வாசித்த கொத்தனார்

கிறிஸ்மஸ் பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் 26, அர்ச். முடியப்பர் திருநாள். வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரின் வாழ்வில் இரண்டு பெரிய காரியங்கள் இதே தேதியில் நடந்தேறின. ஆகவே அவருடைய சரித்திரத்தை நம் பங்குக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

இங்கிலாந்து தேசத்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தை அடுத்து ஹெடிங்டன் குவாரி என்றொரு சிற்றூர் உண்டு. ஆக்ஸ்போர்டின் பழைய கல்லூரிகள் பலவற்றுக்குக் கல் வெட்டிக் கொடுத்த ஊர் அது. பிற்காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் எரிந்தன. அவ்வூரில் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதாவின் பிறந்த திருநாளன்று, கிம்பர் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு பிராயத்திலேயே வயலில் பறவைகளை விரட்டும் வேலைக்குப் போனார். வளர்ந்தபின் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார்.

அவ்வூரில் மாரிஸ் என்னும் பழைய ஆட்டம் ஒன்று இருந்தது. ஆறு ஆண்கள் வெள்ளுடை தரித்து, காலில் சலங்கை கட்டி, கையில் கைக்குட்டையோ கோலோ ஏந்தி ஆடுவார்கள். நமது கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஓரளவு விளங்கும். பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி ஆடுவதே வழக்கம். கிம்பரின் தந்தையும் ஆட்டக்காரர், வாத்தியக்காரர். மகன் எந்தச் சங்கீதப் பள்ளியிலும் படிக்கவில்லை. தந்தை வாசிக்கக் கேட்டுக் கேட்டே கான்சர்ட்டினா என்னும் வாத்தியத்தைக் கற்றார். ஆறு மூலையுள்ள சிறு பெட்டி அது. ஆர்மோனியத்தைப்போல் துருத்திக் காற்றினால் ஒலிக்கும். அவர் வாசித்த வகையில் ஒரே பொத்தானை அழுத்தியபடி துருத்தியை உள்ளே தள்ளினால் ஒரு சுரம், வெளியே இழுத்தால் வேறொரு சுரம். ஆகையால் கால் எடுத்து வைப்பதற்கு ஏற்றபடி ராகம் துள்ளி வரும்.

ஆனால் காலம் மாறிற்று. 1887-ம் ஆண்டு வாக்கில் அவ்வூர் ஆட்டம் நின்றுபோயிற்று. பழமையில் பற்றுக் கொண்ட பெர்சி மானிங் என்பவர் 1899-ல் தூண்டியதன் பேரில் மறுபடியும் தலையெடுத்தது. அவ்வருஷம் மார்கழியில் கடும் பனி. சாந்திலுள்ள நீர் உறைந்துவிட்டால் கட்டு நிற்காது. எனவே கட்டட வேலை முழுதும் நின்றது. அடைமழைக் காலத்தில் நம் ஊர்க் கொத்தனார் வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். அன்று ஹெடிங்டன் வீடுகளிலும் அதே நிலைதான். நாலு காசு கிடைக்குமென்று அக்கூட்டத்தார், பருவமில்லாத பருவத்தில், டிசம்பர் 26-ந் தேதி வீடு வீடாக ஆடப் புறப்பட்டார்கள். கான்சர்ட்டினாவுடன் கிம்பரும் சென்றார். அப்போது அவருக்கு வயது 27.

அவர்கள் ஆடிய வீடுகளில் ஒன்று சாண்ட்பீல்டு காட்டேஜ். அங்கே சங்கீத ஆசிரியர் செசில் ஷார்ப், பண்டிகைக்காகத் தம் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். மேல்நாட்டுச் சங்கீதம் நன்கு கற்ற அவர் இப்படிப்பட்ட ராகங்களை அதுவரை கேட்டதில்லை. ஆட்டக்காரர்களோ, காலமல்லாத காலத்தில் ஆடவந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஷார்ப் மறுநாளே கிம்பரை வரவழைத்து, வாசிக்கச் சொல்லி, ராகங்களைத் தாளில் எழுதிக்கொண்டார். பின்னாளில் அவர் நாலாயிரத்துக்கும் அதிகமான நாட்டுப் பாடல்களையும் ராகங்களையும் சேகரித்துப் புகழ் பெற்றார். அதற்கெல்லாம் விதை விழுந்தது அந்தப் பனிநாளில்தான்.

1905-ல் மேரி நீல் என்ற பெண்மணி, லண்டனில் தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்கென்று தாம் நடத்திய சங்கத்துக்கு நாட்டு ஆட்டம் வேண்டுமென்று ஷார்ப்பிடம் கேட்டார். அவர் காட்டிய வழியில் கிம்பரைத் தேடி ஹெடிங்டனுக்கே போனார். கிம்பரும் அவர் உறவினர் ஒருவரும் பட்டணம் சென்று அப்பெண்களுக்குக் கற்பித்தார்கள். அவர்களோ நாடெங்கும் போய்ப் பிறருக்குக் கற்பித்தார்கள். ஷார்ப்பின் சொற்பொழிவுகளிலும் கிம்பர் ஆடியும் வாசித்தும் காட்டினார். 1911-ல் ஆங்கில நாட்டு ஆட்டச் சங்கம் தோன்றியது. 1922-ல் அச்சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

புத்தகங்கள் பிறர் பெயரில் வெளிவந்தன. கிம்பரோ கொத்தனாராகவே இருந்தார். பெரிய மண்டபங்களில் கைதட்டல் பெற்றுத் திரும்பியபின் மறுபடியும் கரணையை எடுத்தார். தாம் குடியிருந்த வீட்டையும் தம் கைகளாலேயே கட்டினார். தந்தையிடம் பெற்றதைத் தமக்கென்று பூட்டி வைக்காமல், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார்.

1961-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஷார்ப்பைச் சந்தித்து சரியாக 62 ஆண்டுகள் நிறைந்த அன்று, தமது 89-ம் வயதில் காலமானார். ஆட்டக்காரர்களே அவருடைய பெட்டியைச் சுமந்து சென்றார்கள். ஊர்க் கோவில் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய கல்லில் கான்சர்ட்டினாவும் சலங்கையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஹெடிங்டன் குவாரி ஆட்டக் கூட்டம் இன்றும் ஆடிவருகிறது.

வேலையில்லாத ஒரு நாளின் வறுமையே ஒரு தேசத்தின் மறைந்துபோகவிருந்த செல்வத்தை வெளியே கொண்டுவந்தது. சர்வேசுரனுடைய பராமரிப்பு சில வேளைகளில் இவ்விதமாகவே நடக்கிறது. பெற்றோரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டும் தொழிலும் எத்தனையோ இருக்கும். இந்தக் கிறிஸ்மஸ் விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் அருகே உட்காரச் செய்யுங்கள்.